பெருநிறுவனங்களின் நேர்முகப் பரீட்சை எதைப் பரீட்சிக்கின்றது?

பல்கலைக்கழகப் பட்டத்தையும் ஓரளவு கணினி அறிவையும் கையில் வைத்துக்கொண்டு பெருநிறுவனங்களின் கதவைத் தட்டும் எமது இளைஞர் யுவதிகளில் கணிசமானோர், எழுத்துமூலச் சோதனையில் தேறிய பின்னரும் நேர்முகப் பரீட்சையில் பின்தங்கிவிடுகின்றனர். காரணத்தை வினவினால் பெரும்பாலானோரிடமிருந்து கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ஆங்கிலம் போதாது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், செயற்பாட்டு முகாமைத்துவப் பதவிகளுக்காக இத்தகைய நேர்முகப் பரீட்சைகளுக்குத் தோற்றியவர்கள் சிலருடன் உரையாடியபோது நாம் கேட்டறிந்த செய்தி வேறு. கேள்வி விளங்கியது, பதிலும் சொல்ல முடிந்தது, ஆனால் சொன்ன பதிலுக்குள்ளேயே அவர்கள் மேலும் மேலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அங்கேதான் தடுமாறிவிட்டோம் என்று அவர்கள் கூறுகின்றனர். அந்தத் தோண்டல் எதற்காக என்பதை அறிந்துகொள்ளாமல் எத்தனை ஆங்கில வகுப்புகளுக்குச் சென்றாலும் பயன் குறைவே.

செயற்பாட்டு முகாமையாளர் என்பவர் யார் என்பதை முதலில் பார்ப்போம். தொழிற்சாலை, களஞ்சியசாலை, துறைமுகம், வைத்தியசாலை என, எங்கெல்லாம் பொருளோ மனிதரோ ஓர் ஒழுங்கில் நகர வேண்டியுள்ளதோ அங்கெல்லாம் அந்த நகர்வு தடைப்படாமல் பார்த்துக்கொள்வது அவரது பொறுப்பு. கணக்காளருக்கு மாத இறுதியில் கணக்குச் சரியாக வந்தால் போதும். இவருக்கோ ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு மாத இறுதிதான். வேலைக்கு வராதவர்கள் எத்தனை பேர், பழுதடைந்த இயந்திரம் எது, எந்த லொறி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எந்தப் பணியாளர் முதுகுவலியோடு நிற்கிறார் என்பவற்றையெல்லாம் ஒரே வேளையில் மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியவர் அவர். இது எமக்குப் புதிய தொழிலன்று. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட காலந்தொட்டு, தையல் வரிசைகளுக்குப் பொறுப்பாக நின்ற மேற்பார்வையாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இந்தப் பெயரில்லாமலேயே இந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றனர்.

பெருநிறுவனங்கள் இப்பதவிக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் முறையை விளக்குவதற்கு அமெரிக்காவின் அமேசன் நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணங்கள் உண்டு. 1994 இல் தாபிக்கப்பட்டு 1995 இல் இணையத்தினூடாகப் புத்தகம் விற்கத் தொடங்கிய அந்நிறுவனத்தில் இன்று 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றுகின்றனர். அவர்களில் பெரும் பகுதியினர் களஞ்சியசாலைகளிலும் விநியோகப் பணிகளிலுமே உள்ளனர். கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் எம்மவர்களும் அவர்களுள் அடங்குவர். எல்லாவற்றிலும் முக்கியமாக, தான் எதைத் தேடுகிறது என்பதை அந்நிறுவனம் ஒளித்து வைக்கவில்லை. '16 தலைமைத்துவக் கோட்பாடுகள்' என்ற பெயரில் அவற்றைப் பகிரங்கமாக வெளியிட்டுள்ளது. 14 ஆக இருந்த இக்கோட்பாடுகளுடன் 2021 ஜூலையில் மேலும் இரண்டு சேர்க்கப்பட்டன. வினாத்தாளை முற்கூட்டியே வெளியிட்டுவிட்டு நடத்தப்படும் பரீட்சை இது என்று கூறலாம். அப்படியிருந்தும் பலர் தோல்வியடைகிறார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

1999 இல் அங்கு இணைந்து களஞ்சியசாலைகளின் செயற்பாடுகளைப் பொறுப்பேற்ற ஜெப் வில்க், களஞ்சியசாலையை வெறும் பண்டகசாலையாகப் பார்க்காமல் ஒரு தொழிற்சாலையாகப் பார்த்தார். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த விரயம் தவிர்க்கும் உற்பத்தி முறையையும், குறைபாடுகளைப் புள்ளிவிபர ரீதியில் குறைக்கும் 'சிக்ஸ் சிக்மா' முறையையும் அங்கு கொண்டு சென்றார். எனவே அங்கு பட்டதாரியாகச் சேரும் 'பகுதி முகாமையாளர்' கூட, அனுபவம் மிக்க பல பத்துப் பணியாளர்களுக்குப் பொறுப்பாக நிற்க வேண்டியவராகிறார். அவருக்கு மேலே செயற்பாட்டு முகாமையாளர், அவருக்கும் மேலே நிலையத்தின் பொது முகாமையாளர் என்று படிகள் உயர்கின்றன. இருபத்துமூன்று வயதில் தந்தையின் வயதுடைய ஒருவரிடம் வேலை வாங்க வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகப் புள்ளிகளைக் கொண்டு இதற்குத் தகுதியானவரை எவ்வாறு கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு உளவியலாளர்கள் நெடுங்காலமாகவே விடை தேடி வந்துள்ளனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய உளவியலாளர் ஜோன் பிளனகன், நல்ல விமானி யார் என்று பொதுப்படக் கேட்பதைக் கைவிட்டு, குறிப்பிட்ட ஒரு நெருக்கடியில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்ற சம்பவங்களைத் திரட்டினார். 1954 இல் வெளியான அவரது கட்டுரை இம்முறையைத் 'தீர்க்கமான சம்பவ நுட்பம்' என்ற பெயரில் விளக்கியது. இன்று நாம் காணும் நடத்தை சார்ந்த நேர்முகப் பரீட்சைகளின் வேர்களில் ஒன்று அதுவாகும். ஒருவர் இனி என்ன செய்வார் என்பதற்கு, அவர் இதுவரை என்ன செய்தார் என்பதே ஓரளவு நம்பகமான சான்று என்பது அதன் அடிப்படை.

ஆய்வுகளும் இதற்கு ஆதரவாகவே உள்ளன. 1998 இல் ஷிமிட், ஹன்டர் ஆகிய இருவரும் வெளியிட்ட பகுப்பாய்வில், எல்லோரிடமும் ஒரே ஒழுங்கில் கேள்வி கேட்டு மதிப்பிடும் நேர்முகப் பரீட்சையின் முடிவுக்கும் பின்னைய வேலைத்திறனுக்கும் இடையிலான தொடர்பு 0.51 எனவும், மனம்போன போக்கில் உரையாடும் முறையில் அது 0.38 எனவும் மதிப்பிடப்பட்டது. சக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022 இல் இக்கணிப்புகளை மீளாய்வு செய்து முறையே 0.42, 0.19 எனக் குறைத்தனர். எனினும் ஒழுங்கமைந்த நேர்முகப் பரீட்சையே அவர்களது பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஊர், பாடசாலை, தெரிந்தவர் யார் என்று விசாரித்துவிட்டு அனுப்பும் எமக்குப் பழக்கமான நேர்முகப் பரீட்சை இதில் எந்த வகையைச் சேரும் என்பதை வாசகர்களின் முடிவுக்கே விட்டுவிடுகிறோம்.

அமேசனின் நடைமுறை பெரும்பாலும் பின்வருமாறு அமையும். விண்ணப்பத்தின் பின்னர் இணையவழிச் சோதனை, அதன் பின்னர் தொலைபேசி உரையாடல், இறுதியாக ஒருவர் பின் ஒருவராகப் பலர் நடத்தும் நேர்முகங்கள். பதவியின் தரத்துக்கேற்ப இவற்றின் எண்ணிக்கை கூடிக் குறையும். ஒவ்வொரு நேர்முகத் தேர்வாளருக்கும் குறிப்பிட்ட சில கோட்பாடுகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர் அவற்றுக்கான சான்றை மட்டுமே தேடுவார், சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டேயிருப்பார். எதிரிலிருப்பவர் முகம் பார்த்துப் புன்னகைக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருப்பதைக் கண்டு மனம் தளர்ந்தவர்களும் உண்டு. அது அவமதிப்பன்று. பின்னர் அனைவரும் கூடி முடிவெடுக்கும்போது அந்தக் குறிப்புகள்தான் விண்ணப்பதாரருக்காகப் பேசும். அக்குழுவில், வெற்றிடமுள்ள பிரிவுடன் தொடர்பில்லாத, இதற்கெனப் பயிற்றப்பட்ட ஒருவரும் இருப்பார். 'தரத்தை உயர்த்துபவர்' என்று பொருள்படும் பெயருடைய இந்தப் பொறுப்பு 1999 இல் ஏற்படுத்தப்பட்டது. ஆள் பற்றாக்குறையால் அவதிப்படும் முகாமையாளர் கிடைத்தவரைச் சேர்த்துக்கொள்ள அவசரப்படும்போது, வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் இவருக்கு உண்டு.

கேள்விகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. 'உங்கள் குழுவில் ஒருவர் ஒழுங்காக வேலை செய்யாத சந்தர்ப்பமொன்றைக் கூறுங்கள்', 'போதிய தகவல் இல்லாமல் முடிவெடுக்க நேர்ந்த சந்தர்ப்பமொன்றைக் கூறுங்கள்', 'பாதுகாப்பா வேகமா என்ற நிலை வந்தபோது என்ன செய்தீர்கள்?'. பதிலை நிலைமை, பணி, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் சொல்லுமாறு நிறுவனமே அறிவுறுத்துகின்றது.

எமது இளைஞர்கள் சறுக்கும் முதலாவது இடம் இதுதான். 'நேர்முகப் பரீட்சை' என்று நாம் வழங்கும் சொல்லே அவர்களைத் திசை திருப்பிவிடுகிறதோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. உயர்தரப் பரீட்சைக்குப் பழகிய மனம், 'வேலை செய்யாத ஊழியரைப் பற்றிக் கூறுங்கள்' என்றவுடன், ஊக்குவித்தலின் முக்கியத்துவம், அதற்கான வழிகள் என்று பாடக்குறிப்பை ஒப்புவிக்கத் தொடங்கிவிடுகின்றது. பதில் பிழையன்று, ஆனால் அதில் ஆளே இல்லை. எழுதிக்கொள்பவரின் தாளில் 'சான்று இல்லை' என்ற குறிப்பே மிஞ்சும்.

இரண்டாவது சறுக்கல் எமது பண்பாட்டோடு தொடர்புடையது. 'நான் செய்தேன்' என்று சொல்வதைத் தற்பெருமையாகக் கருதி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவே எமது விண்ணப்பதாரர், தானே இரவு பகலாக நின்று முடித்த வேலையையும் 'நாங்கள் செய்தோம்' என்றே கூறுவார். எதிரிலிருப்பவர் உடனே, 'நாங்கள் என்றால் யார்? அதில் உங்கள் பங்கு என்ன?' என்று கேட்பார். இதைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு மனம் புண்படுவதோ, அடக்கத்தை விடாமல் 'எல்லோரும் சேர்ந்துதான்' என்று மீண்டும் சொல்வதோ வாய்ப்பை இழக்கவே வழிவகுக்கும். பத்திரிகை எழுத்தாளர் 'நாம்' என்று எழுதலாம். விண்ணப்பதாரருக்கு அந்தச் சலுகை கிடையாது. குழுவுக்குரிய பெருமையைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, தனது செயலைத் தனதென்று தெளிவாகச் சொல்வது தற்பெருமையாகாது.

சொல்வதற்குத் தம்மிடம் அனுபவமே இல்லை என்பது புதிய பட்டதாரிகளின் அடுத்த முறைப்பாடு. இதை நாம் ஏற்பதற்கில்லை. உதாரணத்துக்கு, 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நினைவுகூரலாம். மண்ணெண்ணெய் இல்லாமல் வடக்குக் கிழக்கின் மீனவக் கிராமங்கள் தவித்த நாட்கள் அவை. அப்போது ஓர் இளைஞர் தமது ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் விநியோகத்துக்கு உதவினார் என்று வைத்துக்கொள்வோம். 'எங்கள் சங்கத்தில் நூற்று நாற்பது படகுகள். வந்த எண்ணெய் அறுபது படகுகளுக்கே போதும். விடியற்காலை மூன்று மணியிலிருந்து கலன்களுடன் வரிசை, இரண்டு முறை கைகலப்பு. வரிசையைச் சீராக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். படகுப் பதிவேட்டைப் பார்த்து மூன்று பிரிவாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எந்த நாள் என்று எழுதி முதல் நாள் மாலையே சங்கச் சுவரில் ஒட்டினேன். தலைவரின் உறவினர் ஒருவர் முறை மாறிக் கேட்டபோது மறுத்தேன். இரண்டாவது வாரத்தில் எவரும் இரவு விழித்து நிற்கவில்லை. காத்திருப்பு ஐந்து மணித்தியாலத்திலிருந்து நாற்பது நிமிடமானது.' இது நாம் கற்பனையாக அமைத்த பதில். ஆனால் இதைப் போன்ற அனுபவமுடைய நூற்றுக்கணக்கானோர் எம்மிடையே இருக்கின்றனர். ஆலயத் திருவிழாவின் அன்னதானம், வெள்ள நிவாரண முகாம், பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று அவர்கள் செய்தது அனைத்துமே செயற்பாட்டு முகாமைத்துவம்தான். அதை அவர்கள் வேலையாகக் கருதாததால் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை. எழுதினாலும், எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு குறைந்தது என்ற எண்களை நினைவில் வைத்திருப்பதில்லை. ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் எண்ணும் பெயரும் வரிசையும் தெளிவாக இருக்கும் பதில், சரளமான வெறும் பேச்சை வென்றுவிடும்.

தோண்டல் என்று மேலே குறிப்பிட்டோம். அதற்கும் ஒரு மரபு உண்டு. டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான தாயிச்சி ஓனோ, 1978 இல் ஜப்பானிய மொழியில் வெளியான தமது நூலில் ஓர் உதாரணத்தைத் தருகிறார். இயந்திரம் நின்றுவிட்டது, ஏன்? மின்சுமை கூடி உருகி எரிந்துவிட்டது. சுமை ஏன் கூடியது? தாங்கிக்குப் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? எண்ணெய்ப் பம்பி போதுமானளவு இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடி பொருத்தப்படாததால் உலோகத் துகள்கள் உள்ளே சென்றுவிட்டன. முதற் கேள்வியோடு நின்றவர் உருகியை மாற்றுவார், இயந்திரம் மறுபடியும் நிற்கும். ஐந்தாவது கேள்விவரை சென்றவர் ஒரு வடியைப் பொருத்துவார்.

நேர்முகத் தேர்வாளர் விண்ணப்பதாரரின் கதையைத் தோண்டும்போதும் இதையே செய்கிறார். 'ஏன் மூன்று பிரிவு? ஏன் நான்கில்லை? நாற்பது நிமிடம் என்று எப்படி அளந்தீர்கள்? கடைசிப் பிரிவினர் என்ன சொன்னார்கள்?' உண்மையில் அந்த வேலையைச் செய்தவருக்கு இக்கேள்விகள் கடினமானவையல்ல. ஐந்தாவது கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும். பிறருடைய கதையைப் பாடமாக்கிக்கொண்டு போனவர் இரண்டாவது கேள்வியிலேயே வரண்டு போவார். இத்தகைய 'மாதிரி விடைகளை' விற்பனை செய்யும் வகுப்புகளில் பணத்தைக் கொட்டுவோர் இதைக் கவனத்திற்கொள்வது நன்று.

கணக்கோடு வரும் கேள்விகளும் உண்டு. ஒரு நாளின் வேலைமுறையில் 36,000 பொதிகள் வெளியேற வேண்டும். 50 பணியாளர்கள், ஒருவர் மணித்தியாலத்துக்கு 80 பொதிகள், இடைவேளை நீங்கலாக 9 மணித்தியாலங்கள்: கணக்கு நேராக வருகின்றது. காலையில் 6 பேர் வரவில்லை. என்ன செய்வீர்கள்? எஞ்சிய 44 பேரால் 31,680 பொதிகளையே முடிக்க முடியும். 4,320 பொதிகள் எஞ்சிவிடும். அவசரக்காரர் உடனே, எல்லோரையும் வேகப்படுத்துவேன் என்பார். அப்படியானால் ஒவ்வொருவரும் மணித்தியாலத்துக்கு 80 இற்குப் பதிலாக 91 பொதிகளைக் கையாள வேண்டும், அதுவும் ஒன்பது மணித்தியாலமும் தளராமல். எட்டாவது மணித்தியாலத்தில் யாருடைய முதுகு பிடிக்கும் என்ற கேள்வி அடுத்து வரும். நிதானமானவர் முதலில் கேள்வி கேட்பார். எந்தக் கட்டத்தில் ஆள் குறைந்துள்ளது? பொருள் பெறும் பகுதியில் இன்று வேலை குறைவானால் அங்கிருந்து பயிற்சி பெற்ற இருவரை எடுக்கலாமா? எந்த லொறி முதலில் புறப்படுகின்றது? நாளை போனாலும் பாதகமில்லாத பொதிகள் எவை? இலக்கு தவறப்போகிறது என்பதை மாலை ஆறு மணிக்கல்லாமல் காலை ஒன்பது மணிக்கே மேலதிகாரிக்கு அறிவிப்பதும் அவரது பதிலில் இருக்கும். இங்கு மதிப்பிடப்படுவது பெருக்கல் கணக்கன்று, அந்த எண்களுக்குப் பின்னால் நிற்கும் மனிதர்களை விண்ணப்பதாரர் காண்கிறாரா என்பதேயாகும்.

மேலதிகாரியுடன் முரண்பட்ட சந்தர்ப்பத்தைக் கூறுங்கள் என்ற கேள்வி எம்மவர்களுக்கு எப்போதும் சங்கடமானது. பெரியோர் சொல் மீறாதிருத்தலை நல்லொழுக்கமாகக் கொண்ட சூழலில், 'அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்ததேயில்லை' என்பதே உயர்ந்த பதில் என்று பலர் எண்ணுகின்றனர். அமேசனின் கோட்பாடோ, முதுகெலும்போடு மறுத்துரைக்கவும் முடிவெடுக்கப்பட்ட பின் முழுமனதோடு அதை நிறைவேற்றவும் வேண்டும் என்கின்றது. ஆபத்தான நிலையில் அடுக்கப்பட்டுள்ள பெட்டிகளைக் கண்டும், மேலதிகாரி சொல்லிவிட்டார் என்று வாய்மூடி நிற்பவரிடம் எண்பது பேரின் பாதுகாப்பை ஒப்படைக்க முடியுமா? தோல்வியைப் பற்றிய கேள்வியும் அத்தகையதே. 'அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் பலவீனம்' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு உலகெங்குமுள்ள தேர்வாளர்களின் காதுகள் புளித்துவிட்டன.

இம்முறையில் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவருக்கு இது சாதகமாகிறது. அமைதியாக வேலையை முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கும் பலர் இதில் மங்கிப் போகின்றனர். கோட்பாடுகளில் எழுதப்பட்டிருப்பதும் களஞ்சியசாலைத் தளத்தில் நிகழ்வதும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்பதும் தெரிந்ததே. 2021 இல் சேர்க்கப்பட்ட கோட்பாடுகளில் ஒன்று 'உலகின் மிகச் சிறந்த தொழில்கொள்வோராகத் திகழ முயலுதல்' என்பதாகும். அடுத்த ஆண்டிலேயே, 2022 ஏப்ரல் முதலாம் திகதி வெளியான முடிவின்படி, நியூயோர்க்கின் ஸ்ரேட்டன் தீவிலுள்ள களஞ்சியசாலைப் பணியாளர்கள் 2,131 இற்கு எதிராக 2,654 வாக்குகளால் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் களஞ்சியசாலையொன்றில் அது முதன்முறையாகும். கலிபோர்னியாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், களஞ்சியசாலைப் பணியாளர்களுக்கு விதிக்கப்படும் வேலை இலக்குகளை எழுத்தில் அறிவிக்க வேண்டும் எனவும், உணவு இடைவேளைக்கும் கழிப்பறை செல்வதற்கும் தடையாக இலக்குகள் அமையக்கூடாது எனவும் விதித்தது. இச்சட்டத்தின் கீழ் இரு களஞ்சியசாலைகள் தொடர்பில் 59 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டதாக 2024 ஜூனில் அறிவிக்கப்பட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேன்முறையீடு செய்தது.

இதை இங்கு குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. செயற்பாட்டு முகாமையாளராகச் செல்பவர் அந்த இலக்குகளைச் சுமப்பவராக மட்டுமன்றி, அவற்றைப் பிறர் மீது சுமத்துபவராகவும் ஆகிறார். மேலிருந்து வரும் எண்ணுக்கும் கீழே நிற்கும் மனிதருக்கும் நடுவில் அவர் நிற்கிறார். கட்டுநாயக்கவிலோ கிளிநொச்சியிலோ ஆடைத் தொழிற்சாலையொன்றில் இப்பதவியை ஏற்பவருக்கும் இதுவே நிலை. எனவே, நேர்முகத்தின் முடிவில் 'எங்களிடம் கேட்பதற்கு ஏதாவது உண்டா?' என்று வினவப்படும்போது 'ஒன்றுமில்லை, நன்றி' என்று எழுந்து வருவது பெரும் நட்டமாகும். கடந்த ஆண்டில் இந்த நிலையத்தில் எத்தனை பேர் காயமடைந்தனர், எந்தக் கட்டத்தில்? இலக்கை யார் நிர்ணயிக்கிறார், அது நியாயமற்றதென்று தளத்திலிருந்து எவராவது கூறி மாற்றப்பட்டதுண்டா? இரவு வேலை முடிந்து செல்லும் பெண்களுக்குப் போக்குவரத்து ஒழுங்கு என்ன? இக்கேள்விகளைக் கேட்பவரைப் பற்றி எதிரிலிருப்பவரின் குறிப்பில் பாதகமாக எதுவும் எழுதப்படப் போவதில்லை. வேலையை விளங்கிக்கொண்டவர் என்றே எழுதப்படும். அனுபவமுள்ள விண்ணப்பதாரர்கள் மறவாமல் கேட்கும் கேள்வி இன்னொன்று உண்டு: இந்தப் பதவியில் எனக்கு முன்னர் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? பதவி உயர்வு பெற்று மேல்மாடிக்குச் சென்றுவிட்டார் என்று பெயரோடு பதில் வந்தால் ஒரு விடயம். தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அது வேறு விடயம்.